கோடைப் பயணமும் மோட்டார் வாகனப் பராமரிப்பும்

நமது நாட்டின் வடமேற்கு, மத்திய பகுதிகளில் ஏப்ரல் முதல் ஜூன் முடிய வெப்பம் கடுமையாக இருப்பது வழக்கம். சமவெளிகளில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டி, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் உயருமானால், அதனை வெப்ப அலை என இந்திய வானிலை ஆய்வுத் துறை வகைப்படுத்துகிறது. 2016ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் இராஜஸ்தானில் உள்ள பலோடி என்னும் ஊரில் 51 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. இத்தகைய பருவத்தில்தான் பள்ளி விடுமுறை, திருமணங்கள், மலைவாசத் தலங்களுக்கான பயணம் ஆகியவை காரணமாகச் சாலைகளில் வாகனங்கள் பெருகுகின்றன.

வாகனத்தைக் கோடைக்கு ஆயத்தம் செய்வது சொந்தக் கார் வைத்திருப்போரின் தனிப்பட்ட அக்கறை மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் பெரும் பகுதி இறக்குமதியாகிறது. 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இலட்சக்கணக்கான குடும்பங்கள் வாடகைக் காரை நம்பிப் பிழைக்கின்றன. ஆகவே அந்நியச் செலாவணி, மனித உயிர், பிழைப்பு ஆகிய மூன்றும் இப்பொருளில் அடங்கியுள்ளன எனலாம்.

வெப்பம் செய்வது என்ன?

எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றல் முழுவதும் சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரில் வெப்பமாகச் சேருகிறது. அவ்வெப்பத்தை ரேடியேட்டர் காற்றில் விட்டொழிக்க வேண்டும். ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பது நீரின் வெப்பத்திற்கும் வெளிக்காற்றின் வெப்பத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது.

எஞ்சின் நீர் 90 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். வெளிக்காற்று 20 டிகிரியாக இருக்கும் குளிர்காலத்தில் வேறுபாடு 70 டிகிரி. காற்று 45 டிகிரியாக இருக்கும் மே மாதத்தில் அது 45 டிகிரிதான். அதாவது, அதே ரேடியேட்டரின் திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. இதற்கு மேல், ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தப்பட்டுள்ள குளிர்சாதனப் பகுதி அக்காற்றை மேலும் சூடாக்கியே அனுப்புகிறது. ஆகவே, குளிர்காலத்தில் வெளியே தெரியாத சிறு அடைப்பும் சிறு கசிவும் கோடையில் பெரும் பழுதாக வெளிப்படுகின்றன.

குளிர்விப்பு அமைப்பு

முதலில் கவனிக்க வேண்டியது இதுவே. எஞ்சின் முற்றிலும் ஆறிய நிலையில், கூலண்ட் கலத்தில் திரவத்தின் மட்டம் இரு குறிகளுக்கு இடையே உள்ளதா எனப் பார்க்க வேண்டும். வெறும் குழாய் நீரை ஊற்றும் பழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. அந்நீரில் உள்ள உப்புகள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைப்பை உண்டாக்குகின்றன, உலோகமும் அரிக்கப்படுகிறது. தயாரிப்பாளர் குறிப்பிடும் கூலண்டை, குறிப்பிட்ட விகிதத்தில், தாதுக்கள் நீக்கிய நீருடன் கலந்து பயன்படுத்துவதே முறை. கூலண்ட் உறைபனிப் பிரதேசங்களுக்கு மட்டுமே உரியது என்பது தவறான கருத்து. அது கொதிநிலையை உயர்த்துகிறது, துருவையும் தடுக்கிறது.

ரேடியேட்டர் மூடியும் ஒரு முக்கிய உறுப்பாகும். அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், மேலும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடினால் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் நைந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு இல்லாமற் போகிறது. ரப்பர் குழாய்களை ஆறிய நிலையில் விரலால் அழுத்திப் பார்க்கலாம். கல் போல் இறுகியிருந்தாலும், உப்பியோ வெடித்தோ இருந்தாலும் உடனே மாற்ற வேண்டும். விசிறி, அதனை இயக்கும் பெல்ட், ரேடியேட்டரின் தகடுகளில் சேர்ந்துள்ள பூச்சிகளும் தூசியும் ஆகியவற்றையும் உடன் கவனித்தல் நலம்.

டயர்கள்

கோடையில் டயர் வெடிப்பதற்குக் காற்று மிகுதியே காரணம் என்று பலர் கருதி, அழுத்தத்தைக் குறைத்து ஓட்டுகின்றனர். இது ஆபத்தான பிழை. காற்று குறைந்த டயர், ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச் சுவர் மடங்கி நிமிர்வதால் தானே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கிறது. கொதிக்கும் தார்ச் சாலையும் அதிக வேகமும் மிகுந்த சுமையும் சேரும்போது டயரின் அடுக்குகள் பிரிந்து வெடிக்கின்றன.

காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னர் பார்க்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள அட்டவணையில், ஆட்களின் எண்ணிக்கைக்கும் சுமைக்கும் ஏற்ற அளவு தரப்பட்டிருக்கும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பவுண்டு கூடும். இது எதிர்பார்க்கப்பட்ட உயர்வேயாகும். ஆதலால் ஓடிச் சூடான டயரிலிருந்து காற்றை வெளியேற்றலாகாது. கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். பள்ளம் நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்புகள் தோன்றிய பழைய டயர் நெடும்பயணத்திற்கு உகந்ததன்று. ஸ்டெப்னியையும் மறவாது சோதிக்க வேண்டும்.

பேட்டரி, எண்ணெய், பிரேக்கு

பேட்டரி குளிர்காலக் காலை வேளையில் செயலிழப்பதைக் கண்டு, குளிரே அதன் பகை என நினைக்கிறோம். உண்மையில் கோடை வெப்பமே அதன் ஆயுளைத் தின்கிறது. நீர் ஆவியாகித் தகடுகள் அரிக்கப்படுகின்றன. விளைவு பின்னரே தெரிகிறது. நீர் ஊற்றும் வகைப் பேட்டரிகளில் வாலை வடிநீர் மட்டத்தை மாதந்தோறும் பார்த்தல் வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் படிவை அகற்றி, இணைப்புகளை இறுக்க வேண்டும்.

எஞ்சின் எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு வெப்பத்தையும் கடத்துகிறது. சமதளத்தில் வண்டியை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து அளவுக் கோலால் மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பிரேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை தாழ்கிறது. டில்லியிலிருந்து மே மாதத்தில் சிம்லாவுக்கும் முசூரிக்கும் செல்லும் குடும்பங்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். மலையிறக்கத்தில் பிரேக்கை விடாது மிதித்தால், அந்த எண்ணெய் கொதித்து, குமிழிகள் தோன்றி, மிதி கட்டை வீணே தாழும். எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றுவதும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வருவதுமே தற்காப்பு.

குளிர்சாதனமும் எரிபொருளும்

குளிர்சாதனத்தின் வாயு எரிபொருளைப் போல் செலவாகித் தீர்வதன்று. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் வாயு நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும், கண்ணாடிகளைத் திறந்து வெப்பக் காற்றை ஓரிரு நிமிடங்கள் வெளியேற்றிய பின் குளிர்சாதனத்தை இயக்கினால் எரிபொருள் மிச்சமாகும். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்தல், டயரில் சரியான அழுத்தம், சீரான வேகம், நின்ற இடத்தில் எஞ்சினை நிறுத்துதல் ஆகிய எளிய வழிகளை 1978இல் நிறுவப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறது.

ஓட்டுபவரின் உடல்நலம்

இயந்திரத்தைப் பேணி மனிதரை மறந்துவிடலாகாது. நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பயணத்தைத் தவிர்த்து, விடியற்காலையில் புறப்படுவது நன்று. ஆளொருவருக்குப் போதிய குடிநீரும், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் வண்டியில் இருக்க வேண்டும். மூடிய காரினுள் பத்தே நிமிடங்களில் வெப்பம் சுமார் 10 டிகிரி உயரக்கூடும். எனவே, ஒரு நிமிட வேலை என்று எண்ணிக் குழந்தையையோ முதியவரையோ உள்ளே விட்டுச் செல்வது உயிருக்கு உலை வைப்பதாகும். சரக்கு லாரி ஓட்டுநர்களின் துன்பத்தைக் கருதி, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது இங்கே குறிப்பிடத்தக்கது.

எஞ்சின் கொதித்துவிட்டால்

வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியதுமே குளிர்சாதனத்தை நிறுத்தி, சூடேற்றியை முழு அளவில் திருப்பிவிட வேண்டும். எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும். பின் பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, குறைந்தது அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். எக்காரணத்தை முன்னிட்டும் சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. கொதிக்கும் எஞ்சின் மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் காணும். தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணில் உதவி கோரலாம்.

ஓர் அனுபவமும் அதன் பொருளாதாரமும்

1990களின் பிற்பகுதியில், மே மாதத்தில், ஜோத்பூரிலிருந்து பாட்மேருக்கு வாடகைக் காரில் அலுவல் நிமித்தம் செல்ல நேர்ந்தது. வழியில் முள் ஏறுவதாக ஓட்டுநர் இரு முறை கூறினார். பிற்பகல் கூட்டத்திற்குத் தாமதமாகும் என்று நானும் இரு முறை கூறினேன். மூன்றாம் முறை அவர் கூறவில்லை, வண்டியே நின்றுவிட்டது. என் அவசரத்தை அறிந்திருந்த அவர், ஆறும் வரை பொறுக்காமல் துணியைச் சுற்றி மூடியைத் திருகினார். பீறிட்ட கொதிநீர் அவருடைய வலது கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வேகவைத்துவிட்டது.

பழுது ஒரு ரப்பர் குழாயில் இருந்தது. அதன் விலை நூறு ரூபாய்க்கும் குறைவு. அது உப்பியிருந்ததை அவர் முன்னரே அறிவார். அடுத்த சவாரிப் பணம் வந்ததும் மாற்றலாம் என்று ஒத்திவைத்திருந்தார். கார் கடன் வாங்கியது. தவணை மாதந்தோறும் கட்டவேண்டியது. கை ஆறும் வரை, சவாரி மிகுந்த அப்பருவம் முழுவதும் அவருக்கு வருமானம் இல்லை. நான் கூட்டத்திற்கும் போய்ச் சேரவில்லை.

பராமரிப்பு ஒத்திவைக்கப்படுவதற்கு அறியாமைதான் காரணம் என்று அதுவரை நான் எழுதியும் பேசியும் வந்தேன். அவருக்கு இயந்திரம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் இல்லாதது அந்த வாரத்துக் கைப்பணமே. செலவு இன்றைக்கு உறுதி, பழுது நாளைக்கு ஐயம் என்னும் நிலையில், வறியவர் ஐயத்தையே தேர்ந்தெடுக்க நேருகிறது. அந்த ஐயத்தின் விலையோ பன்மடங்காகத் திரும்பி வருகிறது.

இதற்குப் பரிகாரம் தேய்மான நிதியே. பெரிய தொழிற்சாலைகள் செய்வதைச் சிறு வண்டி உரிமையாளரும் செய்யலாம். உதாரணமாக, மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் கார் ஒன்றுக்குக் கிலோமீட்டருக்கு 50 காசு வீதம் தனியே ஒதுக்கினால், மாதத்திற்கு 1,500 ரூபாய் சேரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நான்கு மாதங்களில் 6,000 ரூபாய் கையில் இருக்கும். மார்ச் மாதத்தில் குழாய், பெல்ட், கூலண்ட் ஆகியவற்றைக் கவனிக்க இத்தொகை பெரிதும் உதவும். 2015இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டம் போன்றவற்றின் வாயிலாக வாகனக் கடன் வழங்கும் வங்கிகள், தவணையோடு இத்தகைய சிறு சேமிப்பையும் ஊக்குவிக்குமானால் கடன் திரும்பி வருவதும் எளிதாகும்.

வாடகைக்கு அமர்த்துவோருக்கும் கடமை உண்டு. புறப்படுமுன் டயரையும் நீரையும் பற்றி ஒரு வார்த்தை கேட்பதும், ஓட்டுநர் நிறுத்த வேண்டும் என்று சொன்னால் நிறுத்த இசைவதும் அதில் அடங்கும். கால்மணி நேரத் தாமதம் எந்தக் கூட்டத்தையும் கெடுத்துவிடாது. மார்ச் மாதத்தில் ஒரு முற்பகல் பொழுதை வாகனத்திற்குச் செலவிடுபவர், மே மாதத்து நெடுஞ்சாலையில் தம்மையும் தம்முடன் வருபவரையும் காத்துக்கொள்கிறார்.