எரிவாயுச் சிலிண்டரைப் பத்திரமாக வீடு சேர்ப்போம்



சொந்த மண்ணை விட்டு வந்து கண்டியின் சுற்றுப்புறங்களில் குடியேறியுள்ள உங்களில் பலருக்கு, முன்பு வேலியோரத்தில் பொறுக்கிய விறகு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அதனால் எரிவாயு அடுப்பு வீட்டுக்கு வந்திருக்கிறது. கடையோ கீழே ரவுணில், வீடோ மலையில். இடைப்பட்ட வளைவுப் பாதையில் சிலிண்டரை எப்படிக் கொண்டுவருவது என்பதே இந்தப் பாடம்.

1. உள்ளே இருப்பது என்ன?

திருகோணமலைக் கடலில் சுழியோடுவோர் முதுகில் சுமக்கும் கலனில் இருப்பது வெறும் காற்று. அது கார் டயரில் உள்ளதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அது எரியாது. ஆனால் உருண்டு வால்வு உடைந்தால் கலனே பாய்ந்து செல்லும். ஆகவே அதைப் படுக்க வைத்து இறுகக் கட்டுவார்கள்.

நம் சமையல் சிலிண்டர் வேறுவகை. அதில் புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்கள் திரவமாக இருக்கின்றன. அழுத்தம் குறைவு, ஆபத்து வேறு. ஒரு லீற்றர் திரவம் வெளியே கசிந்தால் ஏறத்தாழ 250 லீற்றர் வாயுவாக விரியும். அது காற்றைவிடக் கனமானது. தண்ணீரைப்போலப் பள்ளம் தேடித் தங்கும். நூறு பங்கு காற்றில் இரண்டு பங்கு கலந்தாலே ஒரு தீப்பொறி போதும்.

2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நம் நாட்டில் பல வீடுகளில் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஆராய நியமிக்கப்பட்ட குழு, வாயுக் கலவை மாற்றப்பட்டதை முக்கிய காரணமாகச் சுட்டியது. புரோப்பேன் கூடினால் அழுத்தமும் கூடும். பழுதான குழாயும் ரெகுலேற்றரும் அதைத் தாங்கமாட்டா. சிறு கசிவையும் அலட்சியம் செய்யலாகாது என்பதே நாம் படிக்க வேண்டியது.

2. ஏன் நிமிர்த்தி வைக்க வேண்டும்?

நிமிர்ந்த சிலிண்டரில் திரவம் அடியிலும் வாயு மேலேயும் இருக்கும். வால்வு கசிந்தாலும் வாயு மட்டுமே வெளியேறும். படுக்க வைத்தால் திரவமே வால்வுக்கு வந்துவிடும். அப்போது வெளியேறும் அளவு பன்மடங்காகும். சுழியோடியின் கலனுக்குச் சரியான முறை நம் சிலிண்டருக்குப் பிழையாவது இதனால்தான்.

3. புறப்படும் முன்

• கடையிலேயே வால்வில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்தச் சிலிண்டரை ஏற்க வேண்டாம். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது ஒருபோதும் கூடாது.
• வால்வு மூடி இருக்க வேண்டும். ரெகுலேற்றரைப் பொருத்தியபடி கொண்டுசெல்ல வேண்டாம்.
• வெறும் சிலிண்டரிலும் மிச்ச வாயு உண்டு. அதற்கும் இதே கவனம் தேவை.

4. வழியில்

திறந்த லொறியே நல்லது. நிமிர்த்தி, பக்கப் பலகையோடு இரண்டு இடங்களில் கயிற்றால் கட்டுங்கள். 12.5 கிலோ வாயு கொண்ட நிறைந்த சிலிண்டர் ஏறத்தாழ 25 கிலோ இருக்கும். மகியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவில் அது உருண்டால், பிள்ளையின் காலை நசுக்கிவிடும்.

முச்சக்கர வண்டியில் பின்புறம் எஞ்சின் இருப்பதால் ஆசனத்துக்குப் பின்னாலுள்ள இடத்தில் வைக்க வேண்டாம். கால் வைக்கும் தளத்தில் நிமிர்த்தி, கம்பியோடு கட்டுங்கள். பக்கத் திரையைத் திறந்து விடுங்கள். அந்தப் பயணத்தில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். யாரும் புகைக்கக் கூடாது. மண்ணெண்ணெய், பெற்றோல், மண்வெட்டி ஆகியவற்றைக் கூடவே போட வேண்டாம். சனம் நெருங்கிய பஸ்ஸில் கொண்டுபோவதும் வேண்டாம். வெயிலில் வண்டியை மூடி நிறுத்திவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள்.

5. மணம் வந்தால்

வாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிவு தெரியவே கெட்ட மணம் சேர்க்கிறார்கள். அது வந்தால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்குங்கள். கைத்தொலைபேசியை அங்கு நின்று அழுத்த வேண்டாம். மலைச்சரிவில் வாயு கீழ்நோக்கி ஓடும். ஆகவே மேட்டுப் பக்கமாக, காற்று வரும் திசையில் விலகி நில்லுங்கள். கீழே அடுப்பு எரியும் வீடுகள் இருந்தால் குரல் கொடுத்து எச்சரியுங்கள். தூரம் போன பின் தீயணைப்புப் படைக்கு 110, பொலிசுக்கு 119, காயம் என்றால் அம்பியூலன்சுக்கு 1990 அழையுங்கள்.

கலந்துரையாடுவோம்

1. நம் குடியிருப்பில் சிலிண்டர்கள் இப்போது எவ்வாறு வந்து சேர்கின்றன?
2. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு முறை திறந்த லொறி ஒன்றை அமர்த்தினால், ஒரு வீட்டுக்கு எவ்வளவு செலவாகும்?
3. கட்டும் கயிறு, சவர்க்காரம் இரண்டையும் யார் பொறுப்பில் வைப்பது?

காணியை இழந்தாலும் மனிதர் மிஞ்சினால் மீண்டும் எழலாம். இரண்டு முழக் கயிறும் சற்றுப் பொறுமையும் நம் பிள்ளைகளைக் காக்குமானால், அவற்றைச் சோம்பலால் தவறவிடலாமா? அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசித் தீர்மானியுங்கள்.