ஆங்கிலம் அறிவோம்: பணம் போயாச்சா, போகப்போகுதா?



2023 மே மாதம் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா தன் செல்போனை என்னிடம் நீட்டினார். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு 436 ரூபாய் என்று பேங்க்கிலிருந்து செய்தி வந்திருந்தது. நான் அவசரத்தில் 'டெபிட்டட்' என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டு, "எடுத்துட்டாங்க அக்கா, கவலைப்படாதீங்க" என்றேன். அவரும் கணக்கில் மிச்சம் இருந்ததைப் பையனின் பள்ளிக்கூடச் செலவுக்கு எடுத்துவிட்டார். செய்தியில் இருந்ததோ 'வில் பி டெபிட்டட்'. எடுத்தாச்சு என்பதல்ல, இனிமேல்தான் எடுக்கப்போகிறார்கள். பேங்க் எடுக்கப் பார்த்த நாளில் கணக்கில் பணம் இல்லை. 2 லட்ச ரூபாய் காப்பீடு நின்றுபோனது. மறுபடி சேர்த்துவிட்டோம். ஆனால் புதிதாகச் சேர்ந்தால் முதல் 30 நாளுக்கு விபத்து மரணம் தவிர வேறு மரணத்துக்குத் தொகை கிடையாது. அந்த 30 நாளும் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அதனால்தான் இந்தப் பாடம். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லை எடுப்போம்: டெபாசிட்.

தமிழில் கட்டினேன், கட்டினாள், கட்டினார்கள் என்கிறோம். யார் கட்டியது என்று சொல்லின் வாலைப் பார்த்தே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இந்த வால் மிகக் குறைவு. அந்த விதத்தில் நம் தமிழைவிட அது சுலபம்தான்.

வாரா வாரம் செய்கிற பழக்கத்தைச் சொல்ல ஐ டெபாசிட், வி டெபாசிட், தே டெபாசிட் என்று சொல்லை அப்படியே வைக்கலாம். அவள், அவன், அது என்று ஒருவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் கடைசியில் ஒரு எஸ் சேரும்: ஷி டெபாசிட்ஸ். இந்த நிமிடம் கவுண்ட்டரில் நின்று கட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால் ஷி இஸ் டெபாசிட்டிங்.

முடிந்துபோன காரியத்துக்கு இ-டி என்ற இரண்டு எழுத்து வால். ஐ, ஷி, தே எல்லாருக்கும் ஒன்றே: டெபாசிட்டட். அப்ரூவ் மாதிரி ஏற்கெனவே 'இ'யில் முடிகிற சொல்லுக்கு டி மட்டும் போதும். அப்ளை என்ற சொல்லின் கடைசி 'ஒய்' போய் 'ஐ' வரும், பிறகு இ-டி. சொல்லும்போதும் ஒரு கவனம் வேண்டும். டெபாசிட், கலெக்ட் என்று 'ட்' சத்தத்தில் முடிகிற சொல்லுக்குத்தான் 'டட்'. மற்றதற்கு லேசான ஒரு 'ட்' போதும்: சைன்ட், செக்ட். 'சைன்டட்' என்று நானே பல நாள் சொல்லியிருக்கிறேன்!

இனி நடக்கப்போவதற்கு வால் கிடையாது, முன்னால் 'வில்' வரும். ஷி வில் டெபாசிட். இங்கே அந்த எஸ்-கூட விழுந்துவிடும்.

அப்படியானால் 'வில் பி டெபிட்டட்' என்பதில் வில்லும் இருக்கிறது, இ-டியும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நான் ஏமாந்த இடம் இதுதான். கணக்கு தானாக எதுவும் செய்வதில்லை, அதிலிருந்து பணம் எடுக்கப்படுகிறது. இந்த 'படு'வைக் காட்டத்தான் இங்கே இ-டி. காலத்தைச் சொல்வது முன்னால் நிற்கும் சொல். 'வாஸ் டெபிட்டட்', 'ஹேஸ் பீன் டெபிட்டட்' என்றால் எடுத்தாச்சு. முன்னால் ஒன்றுமே இல்லாமல் 'டெபிட்டட்' என்று மட்டும் வந்தாலும் எடுத்தாச்சுதான். 'வில் பி' என்று இருந்தால் இனிமேல்தான், கணக்கில் பணம் இருக்க வேண்டும். லோன் செய்தியில் வரும் 'கிரெடிட்டட்', 'சாங்ஷன்ட்' இரண்டுக்கும் இதே கணக்குத்தான்.

இல்லை என்று சொல்ல 'டிட் நாட்'. ஷி டிட் நாட் டெபாசிட். முடிந்துபோன காலத்தை 'டிட்' சுமந்துகொள்வதால் இ-டி வராது. 'டிட் நாட் டெபாசிட்டட்' தவறு.

கட்டளைக்கு வெறும் சொல் போதும்: சைன் ஹியர், இங்கே கையெழுத்துப் போடு. செய்யாதே என்றால் முன்னால் 'டோன்ட்'. 'டோன்ட் ஷேர் ஓடிபி' என்பது பேங்க்கின் கட்டளை. 'உங்கள் கணக்கு வில் பி பிளாக்ட், இந்த லிங்க்கை கிளிக்' என்று வருவதும் கட்டளைதான், ஆனால் அது திருடனுடையது. அதைத் தொடாதீர்கள்.

'ஆல்' போட்டுப் பேசுவதற்கு ஆங்கிலத்தில் 'இஃப்'. அங்கே ஒரு வேடிக்கை. 'இஃப் ஷி டெபாசிட்டட்' என்றால் 'அவள் கட்டினால்'. இ-டி இருக்கிறது, ஆனால் இன்னும் கட்டவில்லை. இது என்ன கூத்து என்று நினைக்காதீர்கள். நாமும் 'மழை பெய்தால்' என்கிறோம். 'பெய்த மழை'யில் இருக்கும் அதே 'பெய்த்'தான் அதிலும் இருக்கிறது, மழை இன்னும் வரவில்லை!

தீர்மானத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ரிசால்வ்ட் தட் ஆன் அக்கவுண்ட் பி ஓபன்ட்' என்று இருக்கும். அதில் இஸ், வில் எதுவும் இராது, 'பி' மட்டும் நிற்கும். 'தொடங்குவது என்று தீர்மானிக்கப்பட்டது' என்பதுதான் பொருள். கணக்கு தொடங்கியாச்சு என்று படித்துவிடாதீர்கள். யார் யார் கையெழுத்துப் போடலாம் என்பதும் அதே தாளில்தான் வரும். அர்த்தம் கேட்காமல் கையெழுத்து வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் பேங்க்கிலிருந்து வந்த ஒரு செய்தியைக் காட்டுங்கள். கணக்கு எண்ணையும் ஓடிபியையும் மறைத்துக்கொள்ளுங்கள். இ-டிக்கு முன்னால் என்ன சொல் நிற்கிறது என்று எல்லாருமாகப் பாருங்கள். கலெக்ட், சைன், அப்ளை மூன்றையும் நோட்டில் மூன்று காலத்திலும் எழுதிப் பாருங்கள். 'பே' என்ற சொல்லை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அது இ-டிக்கு அடங்காமல் 'பெய்ட்' என்று வேறு எழுத்தில் மாறும். அது மாதிரி அடங்காத சொற்கள் அடுத்த பாடத்தில்.