நிறுத்தத் தெரிந்த கை

அன்புள்ள கண்ணு,

எஞ்சினியரிங் முடித்த பிள்ளை கஃபேயில் காப்பி போடப் போயிருக்கிறது என்று உங்கப்பா போனில் சொன்னார். குறைப்பட்டுக்கொண்டாரா, என்னை விசாரிக்கச் சொன்னாரா என்று பிடிபடவில்லை. அதனால் அவருக்கு ஒரு பதிலையும் உனக்கு ஒரு கடிதத்தையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். உன்னைப் போலப் புதிதாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும்.

அப்பாவுக்கான பதில் சின்னது. கோயமுத்தூர் பஞ்சாலை ஊராகும் முன்பே காப்பி ஊர். ராபர்ட் ஸ்டேன்ஸ் 1861-ல் இங்கே தொடங்கிய கம்பெனி, மலையிலிருந்து இறங்கிய காப்பிக்கொட்டையைப் பதம்பண்ணித்தான் காலூன்றியது. அவர் பேர் சொல்லும் நூற்பாலை 1888-ல்தான் வந்தது. இன்றைக்கும் நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, சேர்வராயன்மலை என்று நாம் எந்த மலை ஏறினாலும் காப்பிச் செடி உண்டு. நூலும் பம்பும் போல இதுவும் நம்ம ஊர்த் தொழில்தான் என்று அவரிடம் சொல்.

இனி உனக்கு. சேர்ந்த வாரத்திலேயே பாலில் இலை வரையக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாய். அது தானாக வரும். அதற்கு முன்னால் கைக்கு வரவேண்டியது ஒன்று உண்டு: எந்த இடத்தில் நிறுத்துவது என்பது. எஸ்பிரஸ்ஸோ ஷாட்டை எப்போது நிறுத்துவது, பாலுக்குள் காற்று போவதை எப்போது நிறுத்துவது, சூட்டை எப்போது நிறுத்துவது. பாரிஸ்டாவின் வேலையில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

மிஷினைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அதைக் கும்பிடவும் வேண்டாம். ஒரு மோட்டார், ஒரு பம்ப், ஒன்றோ இரண்டோ பாய்லர், சில வால்வுகள். பம்ப் தரும் அழுத்தம் 9 பார். தோட்டத்துக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 300 அடி ஹெட். அந்த அழுத்தத்தில் 93 டிகிரி வெந்நீர், பேஸ்கட்டில் அமுக்கி வைத்த 18 கிராம் தூளுக்குள் புகுந்து வருகிறது. ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1884-ல் டூரின் நகரத்தில் ஆஞ்செலோ மோரியோண்டோவும், 1901-ல் மிலானில் லூயிஜி பெட்சேராவும் காப்புரிமை வாங்கிய மிஷின்களில் தண்ணீரைத் தள்ளியது நீராவிதான். வேகம் இருந்தது, அழுத்தம் போதவில்லை. 1940-களின் பிற்பகுதியில் அக்கிலே காஜியா ஸ்பிரிங் வைத்த லீவரைக் கொண்டுவந்த பிறகுதான் காப்பியின் மேல் அந்தப் பொன்னிற கிரேமா படிந்தது. 1961-ல் ஃபேமா கம்பெனியின் இ61 மிஷின் லீவரின் வேலையை மின்சாரப் பம்பிடம் கொடுத்தது. நீ நிற்கும் மிஷின் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அந்த வழியில் வந்ததுதான். காஸ்கட் மாற்றுவது, ஷவர் ஸ்கிரீனைக் கழற்றிக் கழுவுவது, கேஜைப் படிப்பது, இவ்வளவாவது சர்வீஸ்காரரை எதிர்பார்க்காமல் செய்யக் கற்றுக்கொள். மோட்டார் ரீவைண்டிங் கடை தெருவுக்குத் தெரு இருக்கும் ஊரில் பிறந்துவிட்டு, மிஷின் நின்றால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது.

பம்பைப் பேசினால் தண்ணீரையும் பேசவேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீதியில் இருக்கும் கடையும் போர்வெல் தண்ணீரை நம்பும் கடையும் ஒரே கொட்டையை வாங்கினாலும் ஒரே காப்பியைக் கொடுக்க முடியாது. சிறுவாணி மென்மையான தண்ணீர். போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். பாய்லரின் உள்சுவரிலும் ஹீட்டரிலும் வெள்ளையாகப் படிந்து, முதலில் நீராவியின் வேகத்தைக் குறைக்கும், பிறகு வால்வை அடைக்கும். அதற்குப் பயந்து வெறும் ஆர்.ஓ. தண்ணீரை விடுகிறவர்களும் உண்டு. அது வேறு வம்பு. உப்பே இல்லாத தண்ணீரில் காப்பியின் ருசி முழுதாக இறங்காது. பாய்லரில் மட்டத்தைக் காட்டும் கம்பி, தண்ணீரில் மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் வேலை செய்கிறது. உப்பில்லாத தண்ணீரை அது கண்டுகொள்ளாமல் பாய்லரை நிரப்பிக்கொண்டே போகலாம். டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள். 150-க்குப் பக்கத்தில் காட்டினால் நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

ஷாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 18 கிராம் தூள் போட்டால் கப்பில் 36 கிராம் காப்பி, 25 முதல் 30 விநாடிக்குள். இது சட்டமல்ல, புறப்படும் இடம். தராசை வைத்து எடை பார்த்தே நிறுத்து. கண் ஏமாற்றும், ஏனென்றால் புதுக் கொட்டையில் கிரேமா பொங்கி நிற்கும். ஓட ஓட விட்டால் கடைசியில் இறங்குவது வெறும் கசப்பு. தூளின் பருமன் அன்றன்றைக்கு மாறும் என்பதையும் மறக்காதே. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும்போது, காலையில் சரியாக ஓடிய கிரைண்ட் மத்தியானத்தில் அடைத்துக்கொண்டு சொட்டும். கிரைண்டரை ஒரு கோடு நகர்த்து, இரண்டு ஷாட் பார், அங்கேயே விட்டுவிடு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திருகிக்கொண்டே இருப்பவன் கையில் கிரைண்டர் ஒருநாளும் நிலைக்கு வராது.

இப்போது பாலுக்கு வருகிறேன். நீ சறுக்கப்போவதும் இங்கேதான், பேர் வாங்கப்போவதும் இங்கேதான்.

முதலில் பால் என்ன பால் என்று பார். பாக்கெட்டில் டோன்டு என்று இருந்தால் 3 சதவீதக் கொழுப்பு, ஸ்டாண்டர்டைஸ்டு என்றால் 4.5, ஃபுல் கிரீம் என்றால் 6. நுரையைத் தாங்குவது பாலிலுள்ள புரதம். வாய்க்கு வழவழப்பைத் தருவது கொழுப்பு. டோன்டு பாலில் நுரை சுலபமாக எழும்பும், ஆனால் கப்புச்சினோ தண்ணியாக நிற்கும். நீராவியே பாலுக்குள் குளிர்ந்து தண்ணீராகக் கலக்கிறது என்பதையும் கணக்கில் வை: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 200 கிராம் பாலை 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் 18 கிராம் அளவு தண்ணீர் சேர்ந்துவிடும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் லாட்டேவுக்கு நான் ஃபுல் கிரீம் பக்கமே நிற்பேன். எவ்வளவு முயன்றும் நுரை நிற்காமல் சோப்புக் குமிழிபோல உடைகிற நாளில் உன் கையைச் சந்தேகப்படும் முன் பாலைச் சந்தேகப்படு. கிரேட்டோடு வெயிலில் கிடந்து, பிறகு ஃபிரிட்ஜுக்குப் போன பாலில் கொழுப்பு சிதையத் தொடங்கியிருக்கும். அந்தப் பாலை யார் கையும் காப்பாற்றாது.

ஜக் அளவும் முக்கியம். ஒரு கப்புக்குச் சின்ன ஜக், இரண்டுக்குப் பெரியது. பால், ஜக்கின் மூக்கு தொடங்கும் இடத்துக்குக் கீழே நிற்கட்டும். மிச்சப் பாலை மறுபடி ஸ்டீம் பண்ணாதே. ஒருமுறை சூடான புரதம் இரண்டாம் முறை அதே நுரையைத் தராது. பாலைக் கீழே ஊற்ற நம்ம பக்கத்து மனசு வராது, தெரியும். வராமலே இருக்கட்டும். அதற்காகத்தான் அளந்து எடுக்கச் சொல்கிறேன்.

பாலில் வைக்கும் முன் ஸ்டீம் வாண்டை ஒரு தடவை வெளியே திறந்து விடு. குழாயில் தேங்கிய தண்ணீர் போய் உலர்ந்த நீராவி வரட்டும். பாய்லர் கேஜ் 1.2 பார் காட்டினால் உள்ளே நீராவியின் சூடு 123 டிகிரி, மரியாதை கொடு. முனையைப் பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றே கீழே, நடுவிலிருந்து கொஞ்சம் ஒதுக்கி வைத்து வால்வை முழுதாகத் திற. பாதி திறந்து பயந்து பயந்து செய்தால் பெரிய குமிழிதான் வரும். இப்போது காது வேலை செய்யவேண்டும். சீலைத் துணி கிழிவதுபோல் மெலிதாகச் ‘சர்... சர்...’ என்று கேட்டால் காற்று உள்ளே போகிறது. ‘கிறீச்’ என்று அலறினால் முனை ஆழத்தில் இருக்கிறது. ‘பொளக் பொளக்’ என்றால் மேலே வந்துவிட்டது. லாட்டேவுக்கு இரண்டு மூன்று விநாடிக் காற்று போதும், கப்புச்சினோவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. ஜக்கைப் பிடித்த உள்ளங்கையில் சில்லிப்பு விலகி, சூடும் இல்லை குளிரும் இல்லை என்று ஆகும்போது காற்றை நிறுத்து. அதற்கு மேல் சேரும் காற்று பாலோடு ஒட்டாது. தனி நுரையாக மேலே மிதக்கும்.

காற்றை நிறுத்துவது என்றால் வால்வை மூடுவதல்ல. ஜக்கை ஒரு நூல் மேலே தூக்கு. முனை உள்ளே போகும், சத்தம் அடங்கும், பால் சுழலத் தொடங்கும். அந்தச் சுழிதான் பெரிய குமிழிகளை உடைத்து உள்ளே இழுத்து, கண்ணுக்குத் தனியாகத் தெரியாத நுண்ணிய நுரையாக்குகிறது. ஜக்கின் அடியில் வைத்த கை இனி தாங்காது என்று விலகும் நேரம் 60 டிகிரியை ஒட்டி இருக்கும். வால்வை மூடு, பிறகுதான் ஜக்கை எடு. மாற்றிச் செய்தால் சட்டையும் சுவரும் பாலாகும். தொடக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பழகு. கை சொல்வதும் அது சொல்வதும் ஒன்றாகும்போது எடுத்து வைத்துவிடலாம்.

ஏன் 60 என்று கேட்பாய். 70 தாண்டினால் பாலின் புரதம் குலைந்து, காய்ச்சின பால் வாசனை எழும். நாக்குக்குத் தெரிந்த இனிப்பு மங்கும். நுரை கெட்டியாகிச் சொதசொதக்கும்.

ஆனால் உன் கடைக்கு வருகிறவர்கள் யார்? டபராவில் கை பொறுக்காத சூட்டில் ஃபில்டர் காப்பி குடித்து வளர்ந்தவர்கள். 60 டிகிரி கப்புச்சினோவைக் கொடுத்தால், “ஏங்க, ஆறிப்போச்சுங்களே” என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்களுக்குப் பாடம் எடுக்காதே. கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய நாக்கு அது, அந்தப் பழக்கம் நியாயமானதும்கூட. பாக்கெட் பால் டெய்ரியிலேயே 72 டிகிரியில் 15 விநாடி பாஸ்சரைஸ் ஆகி வருவதால் நமக்கு மறுபடி கொதிக்க வைக்கும் தேவை இல்லை, அவ்வளவுதான். கப்பை வெந்நீரில் நனைத்துச் சூடாக்கிக் கொடு. சூடாக வேண்டும் என்று கேட்டே வாங்குகிறவருக்கு 68 வரை போ, அதோடு நிறுத்து. கொதிக்கக் கொதிக்கத்தான் வேண்டும் என்பவருக்கு நல்ல ஃபில்டர் காப்பி கிடைக்கும் கடையைக் காட்டிவிடு. அதில் உனக்கு ஒரு குறைவும் இல்லை.

கல்யாண மண்டபங்களில் முன்பு எஸ்பிரஸ்ஸோ காப்பி என்று ஒன்று கொடுப்பார்கள். இன்ஸ்டன்ட் தூள், சர்க்கரை, பால், புஸ்ஸென்று நீராவி, மேலே ஒரு சிட்டிகை கோகோ பவுடர். 9 பாரும் இல்லை, ஷாட்டும் இல்லை. இத்தாலிக்காரர் அந்தப் பேரை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் வரிசையில் கூட்டம் நெருக்க, தெர்மாமீட்டர் இல்லாமல், சத்தத்தை மட்டும் வைத்துக் கப்புக்குக் கப் ஒரே நுரையைக் கொடுத்த மாஸ்டர்களை அந்த மிஷினுக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன். டீக்கடை மாஸ்டரும் அப்படித்தான். அவர் ஆற்றும் உயரமும் நிறுத்தும் இடமும் சூட்டைக் குறைத்துக் காற்றைச் சேர்க்கும் கணக்கு. கஃபே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அவர்களைக் கீழாகப் பார்க்கும் பழக்கம் உனக்கு வரவே கூடாது. பெங்களூருவில் காப்பி வாரியம் நடத்தும் காப்பி சாஸ்திரா பயிற்சிக்கு வாய்ப்பு வந்தால் போ. போகும்வரை ஒரு டீ மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்.

சுத்தத்தைக் கடைசியில் சொல்வதால் அது சின்ன விஷயம் என்று நினைக்காதே. ஸ்டீமை மூடிய நொடியில் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிக் கொஞ்சம் பாலை உள்ளே இழுக்கும். அதனால் ஒவ்வொரு ஜக்குக்குப் பிறகும் ஈரத்துணியால் துடை, உடனே ஒருமுறை திறந்து விடு. ஒரு மணி நேரம் விட்டால் பால் கல்லாகும். ஒரு நாள் விட்டால் கிருமி. வாண்டுக்கு ஒரு துணி, மேடைக்கு ஒரு துணி, இரண்டும் கலக்கக் கூடாது. ராத்திரி, காப்பி இறங்கும் குரூப்பை ஓட்டையில்லாத பிளைண்ட் பேஸ்கட் போட்டுப் பவுடரால் கழுவாமல் ஷட்டரை இழுக்காதே. பாய்லரின் சேஃப்டி வால்வைத் தொட்டு ஏதாவது சரிபண்ணப் பார்க்காதே. அது மட்டும் சர்வீஸ்காரர் வேலை.

பழகப் பாலை வீணாக்க வேண்டாம். ஜக்கில் ஐஸ் தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விடு. ஸ்டீமில் வைத்தால் பால் போலவே நுரைக்கும், சுழலும், ஊற்றவும் வரும். குடிக்கத்தான் முடியாது, பழகிய ஜக்கைச் சுத்தமாக அலசிவிடு. கடை திறக்கும் முன் தினம் பத்து ஜக் இப்படிச் செய். காதை வைத்துக் காற்றை நிறுத்து, கையை வைத்துச் சூட்டை நிறுத்து. பத்தும் ஒன்றுபோல் வந்த மறுநாள் எனக்குப் போன் பண்ணு. அன்றைக்கு இலை வரையச் சொல்லித் தருகிறேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, முதல் கப் அவருக்கு.

அன்புடன்,
கோவையிலிருந்து உன் மாமா