'கலகலப்பு'வை வெட்டி ஒட்டலாம் வாங்க: ஜீனோம் அசெம்ப்ளி ஓர் அறிமுகம்

எலெக்டிவ் லிஸ்ட்ல பயோஇன்ஃபர்மேடிக்ஸைப் பார்த்ததும், "நமக்கும் பயாலஜிக்கும் ஆகாது"ன்னு தாண்டிப் போறீங்களா? அதில் ஒரு முக்கியமான பாடத்தை டிஸ்க்ரீட் மேத்ஸ்ல ஏற்கெனவே பாதி படிச்சுட்டீங்க.

மனித ஜீனோம் சுமார் 300 கோடி எழுத்து நீளம். பரவலா பயன்படுற சீக்வென்சர்கள் அதை 150 எழுத்து அளவிலான துண்டுகளாத்தான் படிச்சுத் தரும். எந்தத் துண்டு எங்கிருந்து வந்ததுன்னு தெரியாது. அவற்றைக் கோர்ப்பதுதான் அசெம்ப்ளி.

'கலகலப்பு'வை இரண்டிரண்டு எழுத்தா வெட்டுங்க: கல, லக, கல, லப், ப்பு. ஒவ்வொரு எழுத்தும் ஒரு நோடு, ஒவ்வொரு துண்டும் ஒரு எட்ஜ். எல்லா எட்ஜையும் ஒரே ஒரு முறை கடந்தால் மூலச் சொல் கிடைச்சிடும். 1736-ல் ஆய்லர் பாலங்களை வைத்துப் போட்ட அதே கணக்கு! 2001-ல் பெவ்ஸ்னர் குழு இதை டிஎன்ஏ அசெம்ப்ளிக்குக் கொண்டு வந்தது.

சிக்கல் எங்கே? ஒரே மாதிரி துண்டுகளை கிராஃப் ஒன்றாகத்தான் வைக்கும். இரண்டு 'கல' ஒன்றானால் விடை 'லகலப்பு'. எரர் எதுவும் வராது. விடை மட்டும் தப்பு. மூன்று எழுத்தா வெட்டிப் பாருங்க: கலக, லகல, கலப், லப்பு. எல்லாம் வேறு வேறு, குழப்பமே இல்லை.

அப்போ இந்தத் துண்டு நீளத்தை, அதாவது 'கே'யை, பெருசாவே வச்சுக்கலாமே? முடியாது. சீக்வென்சர் ஓர் எழுத்தைத் தப்பாப் படிச்சா, அதைத் தொடும் 'கே' துண்டுகள் வரை கெட்டுப்போகும்.

இது வெறும் மார்க் விஷயம் இல்லை. ஹண்டிங்டன் நோய்க்கான ஜீன்ல 'சிஏஜி' என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 26 முறை வரை இயல்பு. 40-ஐத் தொட்டால் நோய். 40 முறைன்னா 120 எழுத்து. சின்ன 'கே' வைத்தால் அந்த எண்ணிக்கையே தொலைஞ்சுடும். சாஃப்ட்வேர் கேட்கும் அந்த ஒரு எண்ணை யோசிக்காமல் டீஃபால்ட்ல விட்டுடாதீங்க.

செஞ்சு பார்க்க: ஃபை எக்ஸ் 174 வைரஸின் ஜீனோம் 5,386 எழுத்துதான். என்சிபிஐ தளத்தில் இலவசம். பைத்தான்ல 'கே' 5, பிறகு 21 வைத்து வெட்டி, எத்தனை துண்டு ஒரு முறைக்கு மேல் வருதுன்னு எண்ணுங்க. ஐந்தெழுத்துத் துண்டு மொத்தமே 1,024 வகைதான். முடிவை இப்பவே ஊகிச்சிருப்பீங்க!