தூண்டில் பக்கம்: குஞ்சோடு நிற்கும் விராலை விடுங்கள்

கேள்வி: குளத்தில் ஃபிராக் (ரப்பர் தவளை) போட்டு இழுக்கிறேன். விரால் பாய்ந்து அடிக்கிறது, தண்ணீர் வெடிக்கிறது. ஆனால் மாட்டுவதே இல்லை. ஃபிராக் சரியில்லையா சார்? (திருவாரூர் வாசகர்)

பதில்: ஃபிராக்கில் குற்றம் இல்லை, உங்கள் கைதான் அவசரப்படுகிறது. தண்ணீர் வெடித்த சத்தம் கேட்டதுமே ராடைத் தூக்கி அடிக்கிறீர்கள். அந்த நேரத்தில் ஃபிராக் மீனின் வாய்க்குள் பாதிகூடப் போயிருக்காது. சத்தத்துக்கு அடிக்காதீர்கள், கனத்துக்கு அடியுங்கள். ராடு நுனியைத் தாழ்த்தி, நரம்பில் உள்ள தொய்வைச் சுற்றியெடுத்து, மீன் இழுப்பது கைக்குத் தெரிந்த பிறகு ஓங்கி ஒரே இழுப்பு.

அதற்கு முன் ஃபிராக்கைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். ரப்பர் உடல் அமுங்கி, இரண்டு முள்ளும் முதுகுக்கு மேல் எழ வேண்டும். எழவில்லை என்றால் உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கிறது; பிழிந்து விடுங்கள். பிறகு முள் முனைகளைக் குறடால் துளி அளவு வெளிப்பக்கம் திருப்புங்கள். முனையை நகத்தின் மேல் இழுத்தால் கோடு விழ வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் அரம் போடுங்கள். அல்லியும் ஆகாயத்தாமரையும் மண்டிய குளத்தில் 40 பவுண்டுக்குக் குறைந்த பிரெய்டு (பின்னல் நரம்பு) போடவே வேண்டாம்.

கேள்வி: 20,000 ரூபாயில் ரீல் வாங்கலாம் என்று இருக்கிறேன். எது நல்லது? (சென்னை வாசகர்)

பதில்: இப்போது இருக்கும் ரீலில் மீன் எப்படித் தப்பியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ரீல் செய்த தப்பு ஒன்றும் இல்லை. முடிச்சு உருவிக்கொண்டு வந்திருக்கிறது. வழவழப்பான பிரெய்டில் சாதாரண கிளிஞ்ச் முடிச்சு நிற்காது. பாலமர் முடிச்சு போடுங்கள். நைலான் நரம்பு என்றால் எச்சில் தொட்டு இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உரசலில் சூடேறி அந்த இடத்திலேயே வலுவிழக்கும். டிராக்கை நரம்பின் தாங்குதிறனில் நாலில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குக்கு வையுங்கள். விரலால் இழுத்து உத்தேசமாக வைக்காமல், ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பாருங்கள். பணம் பத்திரமாக இருக்கட்டும்.

கேள்வி: விரால் குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் ஃபிராக் போட்டால் தாய் மீன் நிச்சயம் அடிக்கும் என்கிறார்கள். எத்தனை தடவை போட வேண்டும்? எந்த நிறம் நல்லது? (மன்னார்குடி வாசகர்)

பதில்: ஒரு தடவைகூடப் போடாதீர்கள்.

மழைக்குக் குளம் நிரம்பியதும் விரால் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரே கூட்டமாகத் திரியும். கொஞ்சம் வளர்ந்ததும் காற்றை விழுங்க மேலே வந்தாக வேண்டும். அப்போது நீர்ப்பரப்பில் ஓர் இடத்தில் மட்டும் தூறல் விழுவது போலப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அந்த இடத்துக்குக் கீழே பெற்ற மீன் காவல் நிற்கிறது. குஞ்சுகள் நகர நகர அதுவும் நகரும்.

அந்தக் கூட்டத்தின் மேல் ஃபிராக் விழுந்தால் அது பாய்வது பசியால் அல்ல, குஞ்சைத் தின்ன ஏதோ வந்துவிட்டது என்று எண்ணித்தான். ஒரு தடவை விரட்டும், இரண்டு தடவை முட்டும், அப்புறம் கடிக்கும். அதைப் பிடிக்க நீரோட்டம் அறிய வேண்டாம், புல் எங்கே அடர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாம், பொறுமையும் வேண்டாம். இதில் திறமை எங்கே இருக்கிறது? தன் குஞ்சை விட்டு ஓட மறுக்கிற ஓர் உயிரின் பிடிவாதத்தைப் பயன்படுத்திக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

காவல் போனதும் குறவை வரும், கெளுத்தி வரும், நீர்க்காகம் வரும். காலையில் கூட்டமாக இருந்த இடத்தில் மாலையில் தேடினாலும் ஒன்று அகப்படாது. ஒரு மீனைப் பிடித்ததாக நினைக்கிறீர்கள். அந்தக் குளத்தின் அடுத்த இரண்டு மூன்று வருட விராலையும் சேர்த்தே பிடித்துவிட்டீர்கள்.

நம் குளங்களில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். ரோகு, கட்லா, மிர்கால் எல்லாம் தேங்கிய தண்ணீரில் இனம் பெருக்காது. பண்ணையிலிருந்து குஞ்சு வாங்கி விடுகிறார்கள். பிடித்துத் தீர்த்தால் மறுபடி வாங்கி விடலாம். பெரும்பாலான ஊர்க் குளங்களில் விராலை அப்படி யாரும் விடுவதில்லை. கோடையில் சேற்றுக்குள் புதைந்து உயிரைப் பிடித்துக்கொண்டு, மழை வந்ததும் எழுந்து, தானே கூடு கட்டித் தானே குஞ்சு காத்துத்தான் அது அந்தக் குளத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அந்த ஒரு சங்கிலியையும் நாம்தான் அறுக்கிறோம்.

“நான் விட்டால் வேறு யாராவது பிடிப்பார்கள்” என்று சொல்லாதீர்கள். பிடிக்கிறவர்கள் எல்லாருமே இதைத்தான் சொல்கிறார்கள். “படம் எடுத்துவிட்டு விட்டுவிடுகிறேன்” என்பதும் எடுபடாது. மீன் உங்கள் கையில் இருக்கிற ஐந்து நிமிடத்தில் குஞ்சுகளை யார் பார்த்துக்கொள்வது? குஞ்சு தெரிந்தால் ஐம்பது அடி தள்ளிப் போங்கள். பக்கத்தில் நிற்கும் பையன் எறியப் போனால் அவனுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். குஞ்சு பிரிந்துபோன பிறகு அதே விரால் பசியோடு வேட்டையாடும். அப்போது எறியுங்கள், அது சரியான போட்டி.

கேள்வி: பேத்தா மீன் மாட்டியது. நன்றாகக் கழுவி, கொதிக்க வைத்தால் சாப்பிடலாமா? (ராமநாதபுரம் வாசகர்)

பதில்: கூடாது. அதன் நஞ்சு கொதித்தாலும் போகாது. நாய்க்கும் போடாதீர்கள்.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் மாயாற்றங்கரையில் இரவு தங்கி மஹ்சீர் பிடிக்கத் திட்டமிட்டிருக்கிறோம். என்ன இரை எடுத்துப் போகலாம்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: திட்டத்தைக் கைவிடுங்கள். மாயாறு முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களை ஒட்டி ஓடுகிறது. அனுமதியின்றி நுழைவதே குற்றம். இரவில் அந்தக் கரைக்கு யானை தண்ணீர் குடிக்க வரும், ஆற்றில் முதலை கிடக்கிறது. இதற்குமேல் இரையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

அந்த மீனைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டுமே வாழும் திமில் மஹ்சீர் உலகத்தின் மிகப் பெரிய மஹ்சீர்களில் ஒன்று. 1946-இல் கபினியில் தூண்டிலில் பிடிபட்டது 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. அந்த மீனுக்கு அறிவியல் பெயர் எது என்பதே 2018-இல்தான் உறுதியானது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினமாகப் பட்டியலிடப்பட்டது. மணல் அள்ளல், அணை, வெடி வைத்துப் பிடித்தல் என்று காரணங்கள் பல. நல்லெண்ணத்தோடு காவிரியில் விடப்பட்ட வேறு இன மஹ்சீர் குஞ்சுகளும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கர்நாடகக் காவிரித் தூண்டில் முகாம்களில் மீனைப் பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விட்டவர்கள் எழுதி வைத்த குறிப்பேடுகளை ஆராய்ந்துதான் விஞ்ஞானிகள் இந்தச் சரிவைக் கண்டார்கள். தூண்டில்காரர்களால் அந்த மீனுக்குக் கிடைத்த பெரிய உதவி அதுவே.

அனுமதி பெற்ற வேறு நீரில் எந்தப் பெரிய ஆற்று மீன் மாட்டினாலும் சரி: முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கி வையுங்கள். மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காதீர்கள், தாடையைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி தாங்கிப் பிடியுங்கள். வால் வலுவாக உதறி அதுவாகவே கையை விட்டுப் போகட்டும். தள்ளி விட்டால் மல்லாந்துவிடும்.

கேள்வி: ஊட்டி ஏரியில் ட்ரவுட் கிடைக்குமா? (ஈரோடு வாசகர்)

பதில்: கிடைக்காது. அதற்குக் குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும். அவலாஞ்சி போன்ற மேல்மலை நீர்களில்தான் பார்க்கலாம். முதலில் மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் அனுமதி கேளுங்கள்.

கேள்வி: கடல் கெளுத்தி முள் உள்ளங்கையில் குத்தி, கை தோள் வரை கடுத்தது. அதிலிருந்து தூண்டிலைத் தொடவே பயமாக இருக்கிறது. (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: பயப்படாதீர்கள். வலி கடுமையாக இருந்தாலும் பெரும்பாலும் தணிந்துவிடும். அடுத்த முறை குத்தினால் கையைத் தாங்கும் அளவு சூடான வெந்நீரில், ஏறக்குறைய 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். அடிபடாத கையால் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், மரத்த கைக்குச் சூடு தெரியாது. திருக்கை முள்ளுக்கும் இதே வைத்தியம். முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ, வீக்கம் ஏறினாலோ மருத்துவமனைக்குப் போங்கள், டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். கெளுத்தியைக் கையால் கழற்றாமல் நீளக் குறடால் கழற்றினால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது.

கேள்வி: வெள்ளாற்று முகத்துவாரத்தில் கொடுவா அடிக்கிறது, ஆனால் நரம்பு அறுந்துவிடுகிறது. (பரங்கிப்பேட்டை வாசகர்)

பதில்: அறுப்பது பல் இல்லை, செவுள் மூடியின் ஓரம். பிளேடு போல் இருக்கும். 50 பவுண்டு லீடர் ஒரு முழமாவது போடுங்கள். உயிர் இறாலை வட்ட முள்ளில் கோத்தால், கடித்ததும் இழுத்து அடிக்காதீர்கள். நிதானமாகச் சுற்றுங்கள், முள் வாயோரத்தில் தானே ஏறும். தண்ணீர் வற்றத் தொடங்கும் நேரத்தில், ஓடை ஆற்றில் விழும் முனையில் நில்லுங்கள். சிறு மீன் அங்கே இறங்கும், கொடுவா காத்திருக்கும்.

இன்னொன்று. கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். ஆகவே அந்த முகத்துவாரத்தின் பெரிய மீன்கள் எல்லாம் முட்டை சுமப்பவை. குழம்புக்கு நடுத்தர மீன் போதும், ருசியும் அதில்தான். பெரியதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: தூண்டில் வளைவுக் கல்லில் நின்று பாரை பிடிக்கிறோம். காற்றே இல்லாத நாளில் கடல் பயமில்லைதானே? (கன்னியாகுமரி மாவட்ட வாசகர்)

பதில்: உங்கள் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வியா இது? கள்ளக்கடல் காற்று இல்லாத நாளில்தான் ஏமாற்றும். எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலை, இங்கே வானம் தெளிந்திருக்கும்போது வந்து ஏறும். கடல் தகவல் மையமான இன்காய்ஸின் எச்சரிக்கையைப் பார்க்காமல் கல்லில் இறங்காதீர்கள். போனதும் கால் மணி நேரம் எறியாமல் அலையை மட்டும் பாருங்கள். ஈரம் பட்ட கல்லில் நிற்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள். மீன் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் நரம்பை அறுத்துவிடுங்கள், கீழே இறங்காதீர்கள். உயிர்க் காப்பு அங்கி போட்டுக்கொண்டு ராடு பிடிப்பது அசௌகரியம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பத்து வயது மகளுக்கு மீன் பிடிக்க ஆசை. எனக்கு ஒன்றும் தெரியாது. எதில் தொடங்குவது? (சேலம் வாசகி)

பதில்: மகிழ்ச்சி. ராடு, ரீல் வேண்டாம் அம்மா. ஒரு மூங்கில் குச்சி, அதே நீளத்துக்கு நைலான், மயிலிறகுத் தண்டுத் தக்கை, சின்ன முள், மண்புழு. கரையோரம் ஆழம் குறைந்த குளத்தில் ஜிலேபிக் கெண்டைக்குப் போடச் சொல்லுங்கள். முதல் மீனைக் குழந்தை ஈரக் கையால் பிடிக்கட்டும். நீங்கள் கரையில் கை எட்டும் தூரத்திலேயே உட்கார்ந்திருங்கள். அறுந்த நைலானை அங்கேயே போட்டுவிட்டு வராமல் சுருட்டி எடுத்து வர அன்றே பழக்குங்கள். கொக்கின் காலில் அது சுற்றிக்கொள்ளும்.