தந்தைக்கும் உண்டு பதிவு

சென்ற மாதம் தாம்பரத்தில் ஓர் அங்கத்தினர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். தறியில் பாவு இல்லை. மகனுடைய வேலைவாய்ப்புப் பதிவு அட்டையைப் பெருமையுடன் காட்டினார். "தாங்கள் பதியவில்லையா?" என்றேன். "நாற்பத்திரண்டு வயதாகிறது, ஐயா. இனி எனக்கு எதற்கு?" என்றார். ஆயினும் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவரிடம் ஐயாயிரம் ரூபாயை இழந்திருந்தார்!

அன்பர்களே, வேலைவாய்ப்பு அலுவலகம் இளைஞருக்கென்று தோன்றியதன்று. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1945இல் ஏற்பட்டு, 1948இல் யாவருக்கும் திறக்கப்பட்டது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. தாம்பரம் 2019 முதல் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்தது. அம்மாவட்டத்து வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையமே நம்மவர் நாட வேண்டிய இடம். இணையதளத்திலும் பதியலாம்.

பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். பள்ளி முடித்த ஆண்டில் பதிந்து, பின்பு மறந்துவிட்ட தந்தையர் நம்மிடையே பலர். பின்னாளில் பெற்ற ஓட்டுநர் உரிமம், ஐ.டி.ஐ. சான்று முதலியவற்றையும் சேர்க்கத் தவறலாகாது.

பதிந்தோம் என்று வாளாவிருப்பதும் பிழை. காலியிடங்களை அறிவிக்குமாறு கட்டளையிட்ட 1959ஆம் ஆண்டுச் சட்டம்கூட, அவ்வலுவலகத்தின் வழியாகவே ஆள் எடுக்க வேண்டும் என்று விதிக்கவில்லை. ஆகவே மாவட்ட மையங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் நேரிற் செல்லுதல் நன்று. வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கேட்டறிவதில் வெட்கம் எதற்கு? மத்திய அரசு 2015இல் தொடங்கிய நேஷனல் கேரியர் சர்வீஸ் தளத்திலும் பதிவு இலவசமே.

அவருடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. நான் விடைபெறுமுன் அதைத் தேடி எடுத்து, மகனுடைய அட்டையோடு சேர்த்து வைத்தார்.