வண்ணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்!

கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பின்னாளில் வண்ணம் பூசுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வண்ணத்துக்கென்றே திட்டம் போட்டு எடுத்த ஒரு சிரிப்புப் படம் கறுப்பு வெள்ளையில் ஓடிய கதை தெரியுமா?

பிரான்சு நாட்டு ழாக் தாத்தி 1947-ல் ஒரு சின்ன கிராமத்தில் எடுத்த 'ழூர் த ஃபெத்', அதாவது 'திருவிழா நாள்'. சைக்கிள் தபால்காரராக அவரே நடித்தார்.

தாத்தி ஒரு கணக்குப் போட்டார். ஊர்க் கதவுகளுக்குக் கருஞ்சாம்பல் பெயிண்ட். ஊர்க்காரர்களுக்குக் கறுப்பு உடுப்பு. முதலில் கண்ணில் நிறமே படக்கூடாது. பிறகு வண்டியில் மரக்குதிரை ராட்டினம் வந்திறங்கும், அதோடு வண்ணமும் ஊருக்குள் வரும். விழா முடிந்து வண்டி கிளம்பினால் வண்ணமும் கிளம்பிவிடும். இதுக்கு வசனம் வேறு வேணுமா?

சிக்கல் டெக்னாலஜியில்தான். தாம்சன்கலர் என்ற புது முறை அது. பிலிமில் சாயமே கிடையாது, கறுப்பு வெள்ளைதான். ஆனால் அதன் முதுகில் நுண்ணிய லென்ஸ் வரிகள் அழுத்தப்பட்டிருக்கும். கேமராவின் லென்ஸில் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் கொண்ட ஃபில்டர். ஒவ்வொரு வரியும் மூன்று நிறங்களின் அளவையும் பக்கம் பக்கமாகப் பதிந்துகொள்ளும். புரொஜெக்டரில் அதே மாதிரி ஃபில்டரைப் போட்டால் நிறம் திரும்பி வரணும். பிசிக்ஸ் சரிதான். ஆனால் தியேட்டர்களுக்குக் கலர் பிரிண்ட் போட்டுத் தர அந்தக் கம்பெனியால் முடியவில்லை! (ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜாப் எப்படியோ நன்றாக வந்துவிடும், "இதே மாதிரி இன்னொண்ணு போடுப்பா" என்றால் முழிப்போமே, அதே கதை.)

நல்லவேளை, இன்னொரு கேமராவில் சாதா பிலிமும் ஓடவிட்டிருந்தார்கள். 1949-ல் வெளிவந்தது அதுதான். படம் ஜெயித்தது. ஆனால் சாம்பல் ஊருக்குள் சாம்பல் ராட்டினம் வந்தால் என்ன வித்தியாசம் தெரியும்? தாத்தி விடவில்லை. 1964-ல் ஒரு ஓவியன் பாத்திரத்தைப் புதிதாகச் சேர்த்து, சில பொருட்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டி மறுபடி வெளியிட்டார். எனக்கென்னவோ இது மனசை ஆற்றிக்கொண்ட வேலையாகவே படுகிறது.

1967-ல் 'பிளே டைம்' எடுத்தார். கண்ணாடியும் இரும்புமாக ஒரே சாம்பல் நகரம். அதில் மருந்துக்கடையின் பச்சை நியான் வெளிச்சம் சாப்பாட்டின் மேல் விழும். பார்த்தாலே நமக்கு வயிற்றைப் புரட்டும். இந்த ஜோக்கைக் கறுப்பு வெள்ளையில் சொல்லவே முடியாது.

தாத்தி 1982-ல் காலமானார். மகள் ஸோஃபி, ஒளிப்பதிவாளர் பிரான்சுவா எத் என்பவரோடு சேர்ந்து, பழைய தாம்சன்கலர் சுருள்களிலிருந்து நிறத்தை மீட்டெடுத்தார். 1995-ல் அது திரைக்கு வந்தது. ராட்டினம் ஊருக்குள் நுழைய, 48 வருஷம் லேட்டாக, வண்ணமும் கூடவே நுழைந்தது.